சாலை கிடைத்தது, நிழல் எங்கே?

நாஞ்சில் நாட்டில் சாலை நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. திருவிதாங்கூர் மன்னராட்சியில் நம் முன்னோர் பொதுவழியில் கால் வைக்கவே தடை இருந்தது. 1893-இல் அய்யங்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்று அந்தத் தடையை மீறினார். 1924-இல் வைக்கத்திலும் 1926-இல் நம் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் நடந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையைத்தான் அங்கே கேட்டார்கள்.

அந்த உரிமை வந்தது. நடப்பவருக்கு வேண்டிய நிழல்தான் இப்போது கைவிட்டுப் போகிறது. சாலை அகலமாகும்போது முதலில் விழுவது ஓரத்து மரம். நாற்சந்திப் புளியமரம் ஒன்று மனிதரின் போட்டியில் சாவதை சுந்தர ராமசாமி 1966-இல் நாவலாகவே எழுதினார். 'ஒரு புளியமரத்தின் கதை' இன்னும் முடியவில்லை.

காரில் போகிறவருக்கு மரம் ஒரு காட்சி. பேருந்துக்கு நிற்பவருக்கு அதுவே கூரை. நிற்பவர் யார்? நடவுக்குப் போகும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், பள்ளிப் பிள்ளைகள். செருப்புத் தைப்பவருக்கு மரத்தடிதான் கடை.

நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளி நடுகிறார்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் அது தடுக்கும், தேவைதான். ஆனால் ஓரத்தில் நிற்பவருக்கு அது நிழல் தராது. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் நடவும் பராமரிக்கவும் ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணத்தில் நடும் மரம் எங்கே நிற்கிறது என்பதே நம் கேள்வி.

நம் குடியிருப்புகளின் பேருந்து நிறுத்தங்களில் வேம்பு, புங்கை, பூவரசு நிற்கட்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் மண் விடட்டும். முதல் சில கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஊராருக்கே கூலியோடு கொடுக்கட்டும். 'சேவை' என்று சொல்லி நம் பெண்களிடம் இலவச உழைப்பு வாங்கிய காலம் போதும்.

நவம்பர் 1, குமரி மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு இணைந்த நாள். உள்ளாட்சி தினமாக கிராம சபை கூடும் நாளும் அதுவே. மாணவர்களே, உங்கள் ஊர் நிறுத்தத்தில் நண்பகலில் நிழல் உண்டா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அதை மனுவாக எழுதிச் சபைக்குக் கொண்டு வாருங்கள். தீர்மானமாக்கிப் பதிவேட்டில் ஏற்றுவோம். நடக்கும் உரிமை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நிழலையும் கேட்டே வாங்குவோம்.