வெறியாட்டும் மனத்தளையும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கன்னட நாட்டை ஒட்டி அமைந்தது தேன்கனிக்கோட்டை. முன்னர்ச் சேலம் மாவட்டத்தையும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்தையும் சார்ந்திருந்த இப்பகுதி, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாற்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் இந்நிலத்தில் வாழும் குரும்பர் வீரபத்திரரை வழிபடுவர். அவ்வழிபாட்டில் நேர்ந்துகொண்டோர் வரிசையாக அமர, பூசாரி அவர்தம் தலைமேல் தேங்காய் உடைப்பார். சிறு நோவுக்கும் அஞ்சும் ஒருவர் அன்று அசையாது அமர்ந்திருத்தல் எவ்வாறு இயல்கின்றது? இவ்வினாவே நம்மை இக்கட்டுரைக்கு ஈர்த்தது.

'என்னால் இயலாது' எனத் தனக்குத்தானே எல்லை கோலிக்கொள்ளும் நம்பிக்கையை ஈண்டு 'மனத்தளை' எனக் குறிப்போம். தன் திறன்மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கை நான்கு வழிகளால் வளரும் என்று உளவியலறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் விளக்கினார். தானே செய்து முடித்தல், பிறர் செய்யக் காணுதல், பிறர் ஊக்கும் சொல், உடலின் கிளர்ச்சி நிலை என்பன அவை. வீரபத்திரர் விழாவில் இந்நான்கும் ஒருங்கு கூடுதலைக் காணலாம். முன்னமர்ந்தவர் எழுந்து செல்வதைப் பின்னமர்ந்தவர் காண்கிறார். சுற்றத்தார் குரல் ஊக்குகின்றது. பறையொலி உடலைக் கிளர்த்துகின்றது. இறுதியில் அவரே அச்செயலை முடித்து எழுகிறார். ஆயினும் நம்பிக்கை மண்டையோட்டை வன்மையாக்குவதில்லை. இதனால் உடற்கேடு விளைதல் கூடும் என்பதையும் உடன் கூறுதல் கடன்.

'ஷாமன்' என்னும் சொல் சைபீரியாவின் துங்குசு மொழியினரிடமிருந்து உலக வழக்கிற்கு வந்தது. மிர்சியா எலியாட 1951இல் வெளியிட்ட நூலில், ஷாமனின் உயிர் உடலை நீங்கி மேலுலகும் கீழுலகும் சென்று மீளுதலே இந்நெறியின் சிறப்பியல்பு என்றார். தமிழ்நாட்டு வழக்கு இதனின் வேறானது. இங்கு உயிர் வெளிச்செல்வதில்லை. தெய்வமே ஆடுவோன் மேல் இறங்குகின்றது. மைக்கேல் ஹார்னர் 1980இல் வெளியிட்ட நூல் ஷாமனிய முறைகளை மேலைநாட்டு நகர மாந்தர்க்கு ஏற்பச் சுருக்கித் தந்தது. தனியொருவர் பறையொலி கேட்டுத் தம் அகத்துள் பயணஞ்செய்து வலிமை பெறலாம் என்பது அவர் நெறி. தனியொருவர் தாமே தம் தளையை அறுத்தல் என்னும் இக்கருத்துத் தமிழ் மரபிற்குப் பொருந்துமா? விடை காணச் சங்க இலக்கியத்தை நோக்குவோம்.

தொல்காப்பியம் வெறியாட்டைப் புறத்திணையியலில் காந்தள் என்னும் துறையாகக் கூறும். அகப்பாடல்களிலோ அது களவொழுக்கத்தோடு பிணைந்து வரும். தலைவனைக் காணாது தலைவி மெலிகிறாள். நாணம் தடுத்தலின் காரணத்தைச் சொல்லாள். தாய் அணங்கு தாக்கிற்றென அஞ்சி வேலனை அழைக்கிறாள். களம் இழைத்து, மறியறுத்து, முருகனை வாழ்த்தி வேலன் ஆடுகிறான். 'இது முருகனால் வந்தது' என்கிறான்.

இவ்விடத்துப் புலவர்கள் நிற்கும் நிலை வியப்பிற்குரியது. நற்றிணை 34ஆம் பாட்டில், நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனின் அறியாமையைத் தோழி இடித்துரைக்கிறாள். குறுந்தொகை 362ஆம் பாட்டில், நோய்க்குக் காரணமான தலைவனின் மார்பும் இப்பலியை உண்ணுமோ என அவள் வேலனை வினவுகிறாள். அகநானூறு 22ஆம் பாட்டோ வெறிபாடிய காமக்கண்ணியார் பாடியது. இப்பெயரே அவர் வெறி பாடிய சிறப்பால் அமைந்தது. அப்பாட்டில் வெறியயர்ந்த இரவில் தலைவன் மறைந்து வந்து தலைவியைத் தழுவுகிறான், நோய் நீங்குகின்றது, பெருமையோ வேலனைச் சேர்கின்றது. அது கண்டு தலைவி நகைக்கிறாள்.

வேலன் கண்ட காரணம் பிழையென்பது இப்பாடல்களால் தெளிவாம். அங்ஙனமாயின் வெறியாட்டு வீண்செயலோ? அன்று என்பதே நம் கருத்து. வெறியாட்டு நிகழ்வதனாலேயே தோழி வாய்திறக்க நேர்கின்றது. வெறி விலக்கல் அறத்தொடு நிற்றலுக்கு வாயிலாகின்றது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உண்மையை முறையே உணர்த்துவர். அடங்கிக் கிடந்த சொல் ஊரார் முன் நடக்கும் சடங்கின் அழுத்தத்தால் வெளிப்படுகின்றது. நோயைத் தீர்த்தது வேலன் சொன்ன விடையன்று. அவன் ஆட்டம் எழுப்பிய வினாவே.

லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் எழுதிய ஆய்வு இக்கருத்திற்கு அரண் செய்யும். பனாமா நாட்டுக் குனா மக்களிடையே, மகப்பேறு அரிதாகித் துன்புறும் பெண்ணுக்காக ஷாமன் நெடும்பாட்டொன்றைப் பாடுவான். அப்பாட்டு, சொல்லுதற்கரிய நோவைச் சொல்லுதற்கு அவளுக்கொரு மொழியைத் தருகின்றது என்பது அவர் முடிவு. குனாப் பெண்ணுக்கு அம்மொழியை ஷாமன் தருகிறான். தமிழ்த் தலைவிக்கோ வேலனின் மொழி போதவில்லை. தோழியின் மொழியே வேண்டியிருந்தது.

இவ்வேறுபாடு சிறிதன்று. இசபெல் நபோகோவ் 1997இல் தமிழ்நாட்டுப் பேயோட்டுச் சடங்கு பற்றிய கட்டுரையொன்றும், 2000இல் தமிழர் சடங்குகள் பற்றிய நூலொன்றும் வெளியிட்டார். கணவனோடு வாழ விரும்பாத இளம்பெண்ணை இறந்த ஆடவனொருவனின் ஆவி பற்றியதாகக் கூறுவர்; அவ்வாவி அவளைக் காமுற்றதென்பர். பேயை ஓட்டியபின் அவள் மனைவியாகக் கணவனிடம் மீள்கிறாள். சங்கப் பாட்டில் காதலன் செயல் தெய்வத்தின் செயலாயிற்று. இங்கு மனைவியின் மறுப்புப் பேயின் செயலாகின்றது. இரண்டிடத்தும் பெண்ணின் உள்ளத்திற்குப் பிறரே பெயரிடுகின்றனர். ஆங்குத் தோழி அப்பெயரைத் திருத்தினாள். ஈங்குத் திருத்துவார் யார்? அவள் விரும்பாமைக்கு உண்மைக் காரணம் உண்டெனின், பேயோட்டு அவள் தளையை அறுத்ததாகாது. முடிச்சை மேலும் இறுக்கியதாகும்.

சடங்கைச் சூழ்ந்த சுற்றத்தின் ஆற்றலையும் மறத்தலாகாது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துச்சாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் சராசரியாக ஆறு வாரம் அங்குத் தங்கினர். நோயின் கடுமை ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு தணிந்தது. அச்சுறுத்தாது அரவணைக்கும் சூழலே நலத்திற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் கொட்டகையொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையின் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். நலம் நாடித் தெய்வத்தின் அருகில் கொணரப்பட்டோர் அவர்கள். மனத்தளை நீங்கும் என நம்பிக் காலில் தளை பூட்டினர். மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாக விலக்கியுள்ளது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உரைகல் கிடைக்கின்றது. தேன்கனிக்கோட்டையில் தலை தாழ்த்தி அமர்பவர், தாமே நேர்ந்துகொண்டு அமர்வாராயின், தம் அச்சத்தைத் தாமே அறிந்து கடக்கிறார். ஏர்வாடியில் மாண்டோரை எவரும் கேட்கவில்லை. சடங்கு ஒருவரைத் தளையினின்று விடுவிப்பதும் புதுத்தளை பூட்டுவதும் இவ்வொன்றைப் பொறுத்தனவே. அவர் தம் நோயைத் தாமே சொல்ல இடமிருந்ததா? சொல்லியபோது கேட்பார் இருந்தனரா?

தமிழ் மரபில் மனத்தளை தனியொருவர் நெஞ்சில் மட்டும் கட்டுண்டு கிடப்பதன்று. தாய், சுற்றம், ஊர் ஆகிய உறவுகளுக்கிடையே விழுந்த முடிச்சு அது. ஆதலின் அதனை அவிழ்ப்பதும் தனித்து இயலுவதன்று. வேலன் வேண்டாமற் போகலாம், தோழி வேண்டும். வெறிக்களத்தைப் பாடிய புலவர்கள் வேலன் பிழைத்ததைப் பாடியதோடு நில்லாது, உடன் நின்று உண்மை உரைத்தவளையும் பாடினர். வெறியாட்டை ஆராயப் புகும் மாணவர் ஆடுவோனைவிட அவளையே முதற்கண் நோக்குதல் நன்று.