பெட்டி ஒன்று, லொறி பல

கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு மீன் அனுப்புவோருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மீனையும் ஐஸையும் ரெஜிபோம் பெட்டியில் அடைத்துவிட்டால் எந்த லொறியில் போனாலும் ஒன்றுதான். பாலாவியில் ஒரு லொறி நின்றுவிட்டால் பெட்டிகளை அடுத்த லொறிக்கு மாற்றுகிறோம். பேலியகொடையில் வாங்குபவர் லொறி இலக்கத்தைக் கேட்பதில்லை.

கடந்த பெருநாளுக்கு முந்திய வாரம், எமது ஓடர் எடுக்கும் மென்பொருள் பகல் முழுவதும் நின்றுபோனது. அது இயங்கிய ஒரேயொரு கணினி பழுதாகிவிட்டது. கொழும்பில் மென்பொருள் துறையில் இருக்கும் என் சகோதரியின் மகனிடம் முறையிட்டேன்.

"மாமா, மீனுக்குப் பெட்டி வெச்சிருக்கீங்க, மென்பொருளுக்கு வெக்கல்லியே" என்றான்.

மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒன்றாக அடைத்து வைப்பதே கொள்கலன். 2013இல் வெளிவந்த டொக்கர் இம்முறையைப் பரவலாக்கியது. பெட்டிகள் பெருகினால் எதை எந்தக் கணினியில் ஏற்றுவது என்று பார்க்க ஒருவர் வேண்டுமல்லவா? அவ்வேலையைச் செய்யும் மென்பொருட்களில் பெயர்பெற்றது குபர்நெட்டீஸ். 2014இல் கூகுள் இதனை அறிமுகப்படுத்தி, மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருளாம். கரையோரத்தவர்களாகிய நமக்குப் பொருத்தமான பெயர்தான்.

'இதை இங்கே ஏற்று, அதை அங்கே இறக்கு' என்று அதற்கு நாம் சொல்வதில்லை. 'ஓடர் எடுக்கும் மென்பொருளில் எப்போதும் மூன்று பிரதிகள் இயங்க வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். அது ஓயாமல் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கணினி பழுதாகி இரண்டு பிரதிகளே மிஞ்சினால், இடமுள்ள வேறு கணினியில் மூன்றாவதைத் தானாகவே தொடங்கிவிடும். வரும் ஓடர்களை இயங்கும் பிரதிகளுக்குப் பங்கிடும். புதிய பதிப்பு வந்தால், கடையை மூடாமல் ஒவ்வொன்றாக மாற்றும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கு விபரங்களையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால், பெட்டியோடு அவையும் போய்விடும். புதிய பெட்டி வெறுமையாகவே வரும். அன்று எமக்கு விழுந்த பெரிய அடி ஓடர்கள் தவறியதல்ல. மூன்று நாள் கடன் விற்பனைக் கணக்கு அழிந்தது. சில கடைக்காரர்கள் தாமாகவே தொகையைச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை.

பெருநாளுக்குப் பின் ஒரு நிறுவனம் குபர்நெட்டீஸ் பொருத்தித் தருவதாக விலைமனு அனுப்பியது. மருமகனிடம் காட்டினேன். மூன்று கணினிகளும் ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில்! ஒரு கடைக்கு இவ்வளவு தேவையில்லை, ஒவ்வோர் இரவும் கணக்கைப் பிரதியெடுத்து வேறிடத்தில் வையுங்கள், மாற்றுக்கு இன்னொரு கணினி இருந்தால் போதும் என்றான். விலைமனுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.