டிபிக்கு வீட்டிலேயே சிகிச்சை: உலகத்துக்கு வழிகாட்டிய மெட்ராஸ் ஆய்வு!

வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் ஒருவருக்குக் காசநோய் வந்தால், 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப்போய் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்கணுமா? பெரும்பாலும் வேண்டாம். லைன் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம். இதற்கு வழிவிட்டது மெட்ராஸில் நடந்த ஓர் ஆய்வு.

என்ன ஆய்வு அது?

1956-ல் ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மெட்ராஸ் அரசு சேர்ந்து தொடங்கியவை. ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியம், மீதிப் பேருக்கு வீடு. மருந்து ஒன்றுதான், ஓராண்டுக்கு.

ரிசல்ட்?

சானடோரியத்தில் 92%, வீட்டில் 86% பேருக்கு நோய் அடங்கியது. அதுவும் நெரிசலான வீடு, குறைவான சாப்பாட்டோடு! குடும்பத்தினருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியம் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

சிக்கல் எங்கே?

வீட்டில் இருப்பவர் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடலாம். அதனால், கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் இதே மையம் சோதித்தது.

இப்போது வழக்கமான டிபிக்கு 6 மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். ‘இருமல் போயிடுச்சே’னு நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத டிபியாக மாறலாம். 2 வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க.