பழைய 4 வீல் டிரைவ் வண்டியை உயர்த்தப் போகிறீர்களா? பட்டை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் வட்டாரத்தில் நெல்லும் காய்கறியும் இறால் தீவனமும் ஏற்ற, பழைய மஹிந்திரா ஜீப்புகளும் 4 வீல் டிரைவ் பிக்கப்புகளும் இன்றும் ஓடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் வயல் பாதை சேறானதும், பேசின் பிரிட்ஜ், மாதவரம் பக்கம் போய் வண்டியை 3, 4 அங்குலம் தூக்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. வேலை செய்யும் வண்டிக்கு இது சரியா? செலவு செய்யும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

உயரம் போதவில்லையா, பட்டை தொய்ந்துவிட்டதா?

பல வண்டிகளுக்குத் தேவை புதிய உயரம் அல்ல, இழந்த உயரம்தான். சுமை ஏற்றாமல் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் கீழ் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். இடம் வலம் இடையே அரை அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, பட்டை நேராகி வளைவு இழந்திருந்தாலோ, அது தொய்வு. எண்ணூர், பழவேற்காடு பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றும் உப்புநீரும் பட்டைகளுக்கு நடுவே துருவை வளர்த்து, விரிசல் விடச் செய்யும். கம்பெனி அளவிலான புதிய பட்டை செட்டை இருபுறமும் ஜோடியாக மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும்.

பழைய பட்டையை நெருப்பில் காய்ச்சி அடித்து வளைத்துத் தருவதை ஏற்காதீர்கள். மறுபடி முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் எஃகு தன் விறைப்பை இழந்து, சில மாதங்களில் மீண்டும் தொய்ந்துவிடும்.

தூக்கினாலும் உயராத இடம்

சேற்றில் முதலில் தட்டுவது அச்சின் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டை. அச்சு ஒரே துண்டாக உள்ள வண்டியில் பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உருண்டை உயராது. மேலே உள்ள சேசிஸும் பாடியும்தான் உயரும். உருண்டை உயர வேண்டுமானால் டயர் விட்டம் கூட வேண்டும். அதிலும் பாதிதான் கிடைக்கும்: விட்டம் 2 அங்குலம் கூடினால் உயரம் 1 அங்குலம். ஆகவே சேற்றுப் பாதைக்கு, கம்பெனி அனுமதித்த அளவிலேயே ஆழமான பட்டன் உள்ள டயர் போடுவது முதல் தீர்வு.

எந்த முறையைத் தேர்வு செய்வது?

சரியான வளைவுள்ள புதிய பட்டை செட்: சுமை ஏற்றும் வண்டிக்கு இதுவே பாதுகாப்பானது.

கூடுதல் பட்டை சேர்ப்பது: விறைப்பு கூடும். காலியாக ஓடும்போது வண்டி குதிக்கும். சேசிஸ், அச்சு, பிரேக் ஆகியவற்றின் தாங்கும் திறன் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைதான் எல்லை.

நீளமான ஷாக்கிள்: 2 அங்குலம் நீட்டினால் ஏறக்குறைய 1 அங்குலமே உயரும். முன் அச்சின் சாய்வு மாறி, ஸ்டியரிங் அலையலாம்.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது: முன் அச்சில் கூடவே கூடாது. பின்னால் வைத்தாலும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது.

டார்ஷன் பார் முறுக்குவது: 2010இல் வந்த தார் போன்ற, முன்புறம் டார்ஷன் பார் உள்ள வண்டிகளில் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் உயரும். ஆனால் சுமைத்திறன் கூடாது. சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும். ஆக்சில் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.

கூடவே பார்க்க வேண்டியவை

உயர்த்தினால் பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் கோணமும் போதுமா என்று பார்க்க வேண்டும். பல பிக்கப்புகளில், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. பின்பக்கம் உயர்ந்ததும் வண்டி காலி என்று அது எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமையில் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். இதை மறுபடி அளவுக்குக் கொண்டுவராமல் பட்டறையை விட்டு வெளியே வராதீர்கள்.

கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாமல் புதிதே போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் முறுக்குங்கள். வெள்ளத்தில் இறங்கும் வண்டியில் அச்சின் பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டுவது குறைந்த செலவில் பெரிய பலன். சூடான அச்சு தண்ணீரில் குளிரும்போது உள்ளே நீரை இழுத்துக்கொள்ளும். டிஃப்ரன்ஷியல் ஆயில் பால் நிறமானால் உடனே மாற்றுங்கள்.

சுமை, சாய்வு, சட்டம்

வண்டி 4 அங்குலம் உயர்ந்தால், 40 கிலோ நெல் மூட்டை ஒவ்வொன்றையும் 4 அங்குலம் கூடுதலாகத் தூக்க வேண்டும். சுமையின் மையமும் மேலே போகும். வரப்பு ஏறும்போதும் ஏரிக்கரைச் சரிவிலும் கவிழும் ஆபத்து கூடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஃப்.சி. புதுப்பிக்கும்போதும், விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போதும் இது சிக்கலாகும். எந்த மாற்றத்துக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெறுங்கள்.

சுருக்கமாக, பட்டையைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், நல்ல டயர் போடுங்கள், பிரீதரை உயர்த்துங்கள். விவசாய வேலைக்குப் பெரும்பாலும் இந்த மூன்றே போதும். மிச்சமாகும் பணத்தில் பிரேக்கைச் சரிபாருங்கள்.