எரிமலைப் பாதைகள் – 7: கந்தகக் காவடி

சென்ற வாரம் புரோமோ மலையின் விளிம்பில், தெங்கர் மக்கள் கசாதா விழாவன்று தானியத்தையும் காய்கனிகளையும் கோழிகளையும் எரிமலையின் வாய்க்குள் காணிக்கையாக எறியும் இடத்தில், வாசகர்களை நிறுத்திவிட்டு வந்தேன். இந்த வாரம் அங்கிருந்து கிழக்கே, ஜாவாத் தீவு முடிந்து பாலி நீரிணை தொடங்கும் எல்லையை ஒட்டி நிற்கும் இஜென் மலைக்குப் போகிறோம். மலைக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கும் ஊருக்குப் பன்யுவாங்கி என்று பெயர். ஜாவா மொழியில் நறுமண நீர் என்று பொருள். மலையின் வாயிலிருந்து மேற்கே கசிந்து இறங்கும் ஆற்றுக்கோ பன்யுபாஹித், அதாவது கசப்பு நீர், என்று பெயர். ஒரே மலையின் இரு பக்கத்து நீரையும் நாவில் வைத்துப் பார்த்துப் பெயரிட்ட ஜனங்கள் வாழும் ஊரில், வழி கேட்க வேண்டியது அவர்களிடந்தான் என்ற நிச்சயம் அந்தப் பெயர்களைக் கேட்டபோதே எனக்கு உண்டாகிவிட்டது.

பல்துதிங் என்னும் அடிவாரத்திலிருந்து நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அங்கிருந்து எரிவாயின் விளிம்பு வரை மூன்று கிலோமீட்டர்; ஏற்றம் சுமார் ஐந்நூறு மீட்டர். எனக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயதை ஒட்டியவர். இருபது ஆண்டுகள் இதே பாதையில் கந்தகம் சுமந்து, தோள் தாங்காமற்போன பிறகு பிரயாணிகளை அழைத்துச் செல்லும் தொழிலுக்கு வந்தவர். வயதில் மூத்த ஆண்களைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்து 'பாக்' என்று அழைப்பது அங்குள்ள வழக்கமாகையால் நானும் அவரை அப்படியே அழைத்தேன். புறப்படுமுன் அவர் என் முகமூடியை வாங்கி, வடிகட்டியைக் கழற்றி முகர்ந்து பார்த்து, அது பழையதென்று சொல்லி வேறொன்றை மாட்டி, வாரை என் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டி, உள்ளங்கையால் அடைத்து என்னை மூச்சிழுக்கச் சொல்லிச் சோதித்த பின்னரே நடையைத் தொடங்கினார்.

விளிம்பை அடைந்தபோதும் இருட்டுக் கலையவில்லை. அங்கிருந்து எரிவாயின் அடித்தளத்திற்குக் கற்படிகளும் சரளையுமாக ஒரு செங்குத்தான பாதை இறங்குகிறது. அதில் பாதித் தூரம் இறங்கிய பாக், முன்னால் போய்க்கொண்டிருந்த விளக்குகளின் வரிசையைப் பொருட்படுத்தாமல், ஒரு பாறையின் மறைவில் என்னை நிறுத்திவிட்டார். காற்று எனக்கு ஒரு மாற்றத்தையும் காட்டவில்லை, ஆனால் அவர் தம் முகமூடியைச் சற்றே விலக்கி, நாயின் நாசியைப் போன்ற கூர்மையோடு இரண்டு முறை இழுத்து, "சற்று இருங்கள், ஐயா, அது இப்பக்கம் திரும்பப் பார்க்கிறது" என்றார். சில நிமிஷங்களுக்குள் கீழேயிருந்து வெண்புகை ஒரு சுவரைப் போல எழும்பி, பாதையை மூடி, முன்னால் சென்ற விளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. இருமல் ஒலியும் அழைக்கும் குரல்களும் மட்டும் வந்தன. கண் எரிந்தது; முகமூடிக்குள்ளும் நாக்கின் நுனியில் புளிப்புத் தட்டியது. அரை மணி நேரம் அங்கேயே குந்தியிருந்தோம். காற்று மறுபடியும் ஏரிப் பக்கம் சாய்ந்த பிறகே அவர் எழுந்தார்.

கீழே நான் கண்ட நீல நெருப்பைக் குறித்து ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதைப் படத்தில் பார்த்தவர்கள் பலர் எரிமலைக் குழம்புதான் நீல நிறத்தில் ஓடுகிறது என்று நம்பிவிடுகிறார்கள். அது குழம்பு அன்று. பாறைப் பிளவுகளிலிருந்து பெரும் அழுத்தத்தோடும், 600 டிகிரி செல்சியஸ் வரை செல்லும் வெப்பத்தோடும் பீறிடும் கந்தக ஆவி, வெளிக்காற்றைத் தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொண்டு நீலமாக எரிகிறது. அதில் ஒரு பகுதி எரிந்தவாறே குளிர்ந்து திரவமாகிச் சரிவில் வழிவதால், நெருப்பே ஆறாக ஓடுவதுபோலத் தோன்றுகிறது. பகலிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சூரியப் பிரகாசத்தில் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, அவ்வளவுதான்.

எனினும் அந்த நெருப்பைக் காட்டிலும் அதன் அருகே நடந்த வேலையே என் மனத்தில் ஆழமாகத் தங்கியிருக்கிறது. பிளவுகளின் மேல் நீண்ட குழாய்களைப் பதித்து ஆவியை அவற்றின் வழியே கீழே செலுத்துகிறார்கள். குழாய்க்குள் குளிர்ந்து, வாயில் இரத்தச் சிவப்பாகச் சொட்டும் கந்தகம், தரையில் பரவி ஆறும்போது செம்மை மாறி, எலுமிச்சை மஞ்சளாக உறைகிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்து, இரண்டு கூடைகளில் அடுக்கி, கூடைகளை ஒரு தண்டின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றுகிறார்கள். இதற்கு நம் பாஷையில் காவடி என்பதன்றி வேறு பெயர் இல்லை. முருகன் சந்நிதிக்குப் போகும் காவடியும் சுமை காவும் இந்தத் தண்டின் பெயரைப் பெற்றதுதானே! ஒரு காவடியின் பாரம் எழுபது கிலோ முதல் தொண்ணூறு கிலோ வரை. சுமப்பவர்களில் பலர் அந்த எடைக்கும் குறைவான உடம்புடையவர்கள். என் அருகில் ஒருவர் தண்டை உயர்த்தியபோது மூங்கிற் கூடைகள் 'கிரீச்' என்று முனகின. முகமூடிக்குப் பதிலாக ஓர் ஈரத்துணியைப் பல்லிடையே கடித்திருந்தார். பாரம் ஏறியதும் அவர் மூச்சு நின்று, முதல் அடி வைத்த பிறகே திரும்ப வந்தது. பாக் தம் சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினார். வலத்தோளில், எலும்பின் மேல், நெல்லிக்காய் அளவில் ஒரு கெட்டியான புடைப்பு இருந்தது. தோளை மாற்றி மாற்றி வைத்ததால் இடத்தோளிலும் அதே அளவில் ஒன்று இருந்தது.

இந்தக் கந்தகத்தின் ஒரு பகுதி சர்க்கரையை வெளுப்பதற்குப் போகிறது என்பதை அறிந்தபோது நான் பெரிதும் ஆச்சரியப்படவில்லை. ஏனெனில் நம் நாட்டு ஆலைகள் பலவற்றிலும் கரும்புச் சாறு கந்தகப் புகையூட்டியே தெளிவிக்கப்படுகிறது. ஆயினும் அதன் பிறகு காப்பியில் சர்க்கரை இடும் ஒவ்வொரு வேளையிலும் அந்த ஈரத்துணி என் நினைவுக்கு வருகிறது.

பொழுது புலர்ந்து, ஏரி கண்ணுக்குத் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் ஆழமும் உள்ள, பச்சைப் பாலை ஊற்றி வைத்தாற்போன்ற அந்த நீரின் அழகைக் கண்டு கையை நனைக்கத் தோன்றும். அது நீர் அன்று. மோட்டார் பாட்டரியின் அமிலத்திற்கு ஏறத்தாழ நிகரான அமிலம். கடும் அமிலத்தன்மை கொண்ட எரிவாய் ஏரிகளில் உலகத்திலேயே மிகப் பெரியது இதுவே. 1817-ஆம் ஆண்டில் இந்த வாய் வெடித்திருக்கிறது. 2018 மார்ச்சில் ஏரியிலிருந்து வெளிப்பட்ட விஷவாயு மேற்கே இறங்கி, கிராமத்தார் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. 2024 ஏப்ரலில், சூரியோதயத்தைப் பின்புலமாக வைத்துப் படமெடுக்க விளிம்பை நோக்கிப் பின்வாங்கிய ஒரு பெண், ஏறத்தாழ எழுபத்தைந்து மீட்டர் பள்ளத்தில் விழுந்து உயிரிழந்தார். விளிம்பிலிருந்து விலகி நிற்கும்படி வழிகாட்டி அவரைப் பன்முறை எச்சரித்திருந்ததாகச் செய்திகள் கூறின.

2023-இல் யுனெஸ்கோ இஜெனை உலகப் புவிப் பூங்காவாக அங்கீகரித்தது. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் அந்த மலையின் சுவாசம் எப்போது எத்திசையில் திரும்பும் என்பதைப் பார்வைக்கும் செவிக்கும் எட்டுமுன் அறிந்து சொல்லும் ஞானம் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. அது இருபது வருஷம் பாரத்தோடு அந்தப் புகைக்குள் நடந்தவர்களின் நாசியிலும் தோளிலும் இருக்கிறது. சுமையை இறக்கி வைத்துவிட்டு அந்த ஞானத்தைக் கொண்டே ஒருவர் ஜீவனம் நடத்த முடிகிறது என்றால், மலையேற வரும் நம்மைப் போன்றவர்களால் விளைந்த நன்மைகளில் அதையே முதலாவதாக நான் மதிக்கிறேன்.

இஜெனுக்குப் போகும் வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. காவடி சுமந்த வழிகாட்டி ஒருவரைத் தேடி அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். ஒற்றையடிப் பாதையில் பாரத்தோடு ஏறி வருபவரைக் கண்டால், பள்ளத்தின் பக்கம் அல்ல, மலைச் சுவரின் பக்கமாக ஒதுங்கி நின்று அவருக்கு வழி விடுங்கள். "இன்றைக்கு இறங்க வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால், எத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்திருந்தாலும், விளிம்பிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பி விடுங்கள்.

(தொடரும்)