கடல் கடந்த சோழர் படை

நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கு அப்பால், 2,000 கிலோமீட்டருக்கு மேல் போனால் கடாரம் வரும். இன்று மலேசியாவில் கெடா என்று சொல்கிறார்களே, அந்த இடம்தான் கடாரம்.

1025-ஆம் ஆண்டில் ஒரு பெரிய படை இந்தக் கடலைக் கடந்து கடாரத்துக்குப் போனது. அனுப்பியவர் ராஜேந்திர சோழர். இவர் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழரின் மகன்.

அன்று எஞ்சின் இல்லை. டீசல் இல்லை. பிறகு எப்படிப் போனார்கள்?

காற்றே துணை

மரத்தால் செய்த கப்பல்கள். அவற்றில் பெரிய பாய்களைக் கட்டினார்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும். அது கப்பலைக் கிழக்கே தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வீசும். அப்போது ஊர் திரும்பலாம். இரவில் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிந்தார்கள். காற்றின் காலம் தப்பினால், அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

நட்பு பகையானது

கடாரத்தையும் சுமத்திரா தீவையும் ஸ்ரீவிஜய மன்னர்கள் ஆண்டார்கள். முதலில் அவர்கள் சோழரின் நண்பர்கள். நாகப்பட்டினத்தில் அவர்கள் ஒரு புத்த விகாரம் கட்டினார்கள். அதன் செலவுக்காக ராஜராஜர் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தார். ராஜராஜர் சிவ பக்தர். ஆனாலும் புத்த விகாரத்துக்கு உதவினார்.

பிறகு ஏன் போர் வந்தது? சீனாவுக்குப் போகும் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகப் போக வேண்டும். அந்த வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. சோழ நாட்டு வணிகர்களும் சீனாவோடு வணிகம் செய்ய விரும்பினார்கள். இந்த வணிகப் போட்டிதான் போருக்குக் காரணம் என்று வரலாற்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

சோழர் படை வென்றது. கடாரத்து மன்னர் பிடிபட்டார். அவருடைய யானைகளையும் செல்வத்தையும் படை எடுத்துக்கொண்டது. பல துறைமுகங்கள் தாக்கப்பட்டன. அங்கே வாழ்ந்த மக்களுக்கு அது துன்பக் காலம்.

போருக்குப் பின் வணிகம் தொடர்ந்தது. 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட குழு சீனாவுக்குப் போனது. 1088-இல் தமிழ் வணிகர்கள் சுமத்திராவில் ஒரு தமிழ்க் கல்வெட்டை வைத்தார்கள்.

சுவரில் இருந்த செய்தி

இந்தப் போர் நமக்கு எப்படித் தெரியும்? தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் அந்தச் செய்தி வெட்டப்பட்டுள்ளது. வென்ற ஊர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் காலப்போக்கில் தமிழ் எழுத்தின் வடிவம் மாறியது. பழைய எழுத்தைப் படிப்பவர்கள் அரிதானார்கள். கோவிலுக்கு வந்தவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார்கள். அதில் இருந்த செய்தி அவர்களுக்குத் தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்டார். அதன் பிறகே பலருக்கும் செய்தி தெரிந்தது.

சுவரில் மன்னரின் பெயர் இருக்கிறது. கப்பலுக்கு மரம் அறுத்தவர் யார்? கயிறு திரித்தவர் யார்? பாய் தைத்தவர் யார்? புயலில் சுக்கான் பிடித்தவர் யார்? அவர்கள் பெயர் அங்கே இல்லை. அவர்கள் கைகள் இல்லாமல் ஒரு கப்பலும் கரையை விட்டு நகர்ந்திருக்காது.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்க் கோவிலில் கல்வெட்டு உண்டா? அதில் என்ன எழுதியிருக்கிறது?
2. போரால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?
3. உங்கள் ஊரின் ஏரி, பாலம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கட்ட உழைத்தவர்கள் யார் யார்? அவர்கள் பெயர்களை எழுதுங்கள்.