பத்து சதவிகிதத்தின் நியாயம்

ஆய்வேடு ஒப்படைக்கும் கெடு நெருங்கும் பருவத்தில் நமக்கு வரும் கடிதங்களில், ‘என் ஆய்வேட்டில் பதினான்கு சதவிகிதம் ஒற்றுமை என்று அறிக்கை வந்திருக்கிறது, பத்துக்குள் கொண்டுவர வழி என்ன?’ என்னும் வினாவே பல வடிவங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ‘நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லையே, பதினான்கு எங்கிருந்து வந்தது?’ என்று மனம் நொந்து கேட்பவர் அவர்களுள் சிலரே. திருட்டு எது, மேற்கோள் எது என்பதை டாக்டர் பட்டம் நாடுவோருக்கு விளக்கப் புகுவது அவர்களை அவமதிப்பதாகுமாதலால் அதை விடுத்து, அவர்கள் உறக்கத்தைக் கெடுக்கும் அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை மட்டும் இங்கே விசாரிப்போம்.

விதிகள் சுருக்கமானவை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் பிறப்பித்த ஒழுங்குமுறைகளின்படி, ஒற்றுமை 10 சதவிகிதம் வரை இருப்பின் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரையாயின் ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணைக்குள் திருத்திய பிரதி கொடுக்கவேண்டும். 40க்கு மேல் 60 வரையாயின் ஓராண்டுக் காலம் திருத்திய பிரதியும் ஏற்கப்படாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர்களுக்கும் ஊதிய உயர்வை இழப்பது, புதிய மாணவரை ஏற்கும் உரிமையைச் சில ஆண்டுகள் இழப்பது எனத் தண்டனைகள் உண்டு.

இந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும் கருவியைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் ‘ஷோத்சுத்தி’ என்னும் திட்டத்தின்கீழ் 2019 முதல் சர்வகலாசாலைகளுக்கு வழங்கிவருகிறது. முதலில் உர்குண்ட், பின்னர் டிரில்பிட். கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று சுற்றறிக்கைகள் அதற்குச் சூட்டும் பட்டம் சற்றே மிகையானது. கருத்து என்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துக் கோவைகள் எங்கெங்கு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே அது அறியும்.

அறியும் விதம் சாதுரியமானது. வணிக நிறுவனங்கள் தம் கருவிகளின் உள்ளமைப்பை முழுமையாக வெளியிடுவதில்லை எனினும், இவ்வகை ஒப்பீட்டின் தத்துவத்தை 2003இல் ஷ்லெய்மர், வில்கர்சன், ஐக்கன் என்னும் மூவர் வெளியிட்ட முறையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மாணவர்களின் கணினி நிரல்களை ஒப்பிடும் ‘மாஸ்’ என்னும் கருவி அம்முறையில் இயங்குவது. ஆவணம் முழுவதையும், ஒன்றன்மேல் ஒன்று கவியுமாறு, சம நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண்களின் வரிசைமீது ஒரு சிறு சாளரத்தை நகர்த்திக்கொண்டே போய், சாளரத்துக்குள் அகப்படும் எண்களுள் மிகச் சிறியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை, முறத்தில் புடைத்துப் பதரைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சியவையே அந்த ஆவணத்தின் கைரேகை. ஒரே பத்தி இரண்டு ஆவணங்களில் இருக்குமாயின், அவை ஒன்றையொன்று பாராமலே அதே சிறிய எண்ணைத் தேர்ந்து வைத்திருக்கும். ஆதலால் லட்சக்கணக்கான ஆய்வேடுகளை வரிவரியாகப் படிக்காமல் ரேகைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

இதுவரை குறைசொல்ல ஏதுமில்லை. விபரீதம், அகப்பட்ட ஒற்றுமையை மொத்தச் சொற்களால் வகுத்துச் சதவிகிதமாக்கும்போது தொடங்குகிறது. 250 பக்க ஆய்வேட்டில் 30 பக்கம் பிறர் எழுத்தாயின் 12 சதவிகிதம்; எழுதியவர் தண்டனைக்குரியவர். அவரே அந்த 30 பக்கத்தில் ஒரு வரியையும் தொடாமல், பொருளற்ற அட்டவணைகளும் வளவளப்புமாக 50 பக்கம் சேர்த்து 300 ஆக்கிவிட்டால் சரியாகப் பத்து; குற்றத்திலிருந்து விடுதலை. திருடிய பொருள் அப்படியே வீட்டிலிருக்க, வீட்டைப் பெரிதாகக் கட்டியதனால் ஒருவன் யோக்கியனாகும் இந்த நியாயத்தை வேறெந்தத் தர்ம சாஸ்திரத்திலும் காண்பது அரிது.

மறுபுறம், நாணயமாக எழுதியவர் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு. குறுந்தொகையை ஆராயும் மாணவி, நம் சம்பிரதாயப்படி, பாட்டு வரிகளை மேற்கோள் குறியில்லாமல் உள்தள்ளி எழுதிப் பாட்டின் எண்ணையும் குறிப்பிட்டுவிடுகிறாள். மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கில் சேர்க்கலாகாது என்பது விதி. ஆனால் மேற்கோள் குறியைக் கொண்டே மேற்கோளை அறியும் கருவிக்கு அவை பல நூறு ஆய்வேடுகளில் ஏற்கெனவே வந்த வரிகள். ‘துணைநூற்பட்டியல்’ என்னும் தலைப்பை அடையாளம் காணப் பழக்கப்படாத கருவியாயின் அப்பட்டியலும் நகலெனவே சிவந்து நிற்கும். சங்கப் புலவர்களிடம் திருடியதாக ஒரு பெண்ணைக் குற்றஞ்சாட்டும் அறிக்கையைத் துறையில் ஒருவர் உட்கார்ந்து படித்தால் நகைப்புக்குரியதாகப் போய்விடும். படிக்காமல் முகப்பிலுள்ள எண்ணை மட்டும் பார்த்தால் அதுவே தீர்ப்பாகிவிடும்.

தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களைத் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை விலக்கலாம் என்று ஒழுங்குமுறை சலுகை தருகிறது. ஆங்கிலத்தில் 14 சொற்கள் என்பது ஒரு நடுத்தர வாக்கியம். ‘வந்திருக்கமாட்டானென்பதால்’ என்று ஐந்தாறு ஆங்கிலச் சொற்களின் பாரத்தை ஒன்றிலேயே சுமக்கும் தமிழிலோ, 14 சொற்களில் ஓர் ஆய்வின் முடிவையே சொல்லிவிடலாம். மேலும், சொல்லைச் சொல்லாக எண்ணும் கருவியாயின், ‘செய்துகொண்டிருந்த’ என்பதைச் ‘செய்து கொண்டு இருந்த’ என்று பிரித்துப்போட்டாலே அதன் எண்ணிக்கை மாறிவிடும். வாசகருக்கோ ஒரு மாற்றமும் தெரியாது.

இவை யாவற்றையும் விஞ்சுவது எழுத்துருவின் விளையாட்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர் ஜே, கே, பி, ஓ என்னும் விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் வரிசையாகத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று தோன்றும்; கோப்பின் உள்ளேயோ இருப்பவை அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே. யூனிகோடில் வெளிவந்த ஒரு நூலை வரி பிசகாமல் பாமினியில் அடித்து ஒப்படைத்தால், கருவி அதை மாற்றிப் படிக்கத் தெரியாததாயின், இன்ன மொழியென்றே விளங்காத அந்தக் குறிக்கூட்டத்துக்கு உலகில் எங்கும் ஒற்றுமை இல்லை எனச் சான்றளிக்கும். பக்கங்களைப் படமாகப் பிடித்து ஏற்றினாலோ, அவ்வெழுத்தைப் படிக்க இயலாத கருவிக்கு ஒப்பிட ஏதுமே இராது. இவ்வாறு கிடைக்கும் ‘பூஜ்யம் சதவிகிதம்’ அறிக்கையை ஆய்வேட்டின் பின்னட்டைக்குள் பெருமையாகச் சேர்த்துக் கட்டுவதில் நடைமுறையில் சிக்கல் எதுவும் எழுவதில்லை, ஏனெனில் அங்கே கேட்கப்படுவது அறிக்கை ஒன்றைத்தான்.

2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை நிதானமாகப் படிப்பவர், அதை எழுதியோர் இதை ஓரளவு முன்னறிந்திருந்தனர் என்றே கருதுவர். புகார் வந்தால் விசாரித்து அபிப்பிராயம் சொல்லத் துறைக்கு ஒரு குழுவும் நிறுவனத்துக்கு ஒரு குழுவும் அதில் விதிக்கப்பட்டிருக்கின்றன; மேற்பார்வையாளர் கையொப்பமிடும் சான்றிதழும் உண்டு. ஆனால் எண் ஒன்று கைக்கு வந்தபின், படிக்கும் சிரமத்தை மேற்கொள்பவர் குறைந்துபோயினர். ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராயிருந்த குட்டன்பெர்க் 2011இல் டாக்டர் பட்டத்தையும் பதவியையும் இழந்ததற்கு மூலகாரணம், மதிப்புரை எழுதும்பொருட்டு அவருடைய ஆய்வேட்டைப் படித்த ஒரு சட்டப் பேராசிரியருக்கு ஒரு பகுதியில் எழுந்த சந்தேகமே. பின்னர் இணையத்தில் கூடிய வாசகர் பலர் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு மிச்சத்தை வெளிக்கொணர்ந்தனர். நம் சர்வகலாசாலைகளில் கருவி வாங்கிய உற்சாகத்துக்கு ஈடாகப் படிக்கும் உற்சாகம் வளர்ந்ததாகத் தெரியவில்லை. மாறாக, ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுத் தரும் கடைகளில் ‘சதவிகிதம் குறைத்தல்’ என்பது தனிக் கட்டணமுள்ள வேலையாகிவிட்டது.

இனி, மற்றக் கேள்விகள்.

என் சொந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தாலும் குற்றமா? குறிப்பிடாமல் எடுத்து, புதியது என்று சொன்னால் குற்றம்; மானியக் குழு 2020 ஏப்ரலில் அறிவித்துவிட்டது.

ஆங்கில நூலைத் தமிழாக்கிச் சேர்த்தால் அகப்படுமா? கருவியிடம் பெரும்பாலும் அகப்படாது. அதனால் அது உங்களுடையதாகிவிடாது.

பட்டம் வாங்கியபின் தெரியவந்தால்? குழு பரிந்துரைக்கும் காலம் வரை பட்டம் நிறுத்திவைக்கப்படும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் காட்டும் சதவிகிதத்தை நம்பலாமா? 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் தாமே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவ்வகைக் கருவிகள் இயந்திரம் எழுதியவை என்றன.

அறிக்கையில் எட்டு சதவிகிதமே வந்திருக்கிறது, இனி அஞ்சவேண்டியதில்லையே? அந்த எட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கருதுகோள், கண்டறிதல்கள், முடிவுரை ஆகியவற்றில் ஒற்றுமையே கூடாது என்பது அதே ஒழுங்குமுறையில், பலர் படிக்காத ஒரு வரி.